பேஸ்ட் பட்டதும் போட் செத்துப் போகாது



வரிப்பத்தான்சேனை, இறக்காமம் உறவுகளே, இது கொஞ்சம் நீளமான பதிவு. வீட்டில் கம்ப்யூட்டர் வைத்திருப்பவர்கள், பாடசாலைக்குப் பிள்ளை அனுப்புகிறவர்கள், ரிப்பேர் கடை வைத்திருக்கும் தம்பிமார், என்னோடு படிப்பிக்கும் ஆசிரியர்கள் எல்லாரும் முழுசாக வாசியுங்கள். அதற்குப் பிறகு ஏசுவதென்றால் ஏசுங்கள். பாதியில் நிறுத்திவிட்டு ஏச வேண்டாம்.

எங்கள் பக்கத்தில் கம்ப்யூட்டருக்கு ஒரு மரண அறிவித்தல் இருக்கிறது. "பேஸ்ட் உள்ளுக்குப் பெய்த்து. ஷோட் ஆகிட்டு. இனி போட்டும் இல்ல, புரொசசரும் இல்ல." இந்த மூன்று வசனத்தைக் கேட்ட பிறகு எந்த வாப்பாவும் எந்த உம்மாவும் மறு கேள்வி கேட்பதில்லை. டொக்டர் சொன்னால்கூட இன்னொரு டொக்டரிடம் காட்டுகிற நாங்கள், கம்ப்யூட்டர் கடையில் சொன்னதும் ஜனாஸாவைத் தூக்கிவிடுகிறோம்.

நான் சொல்ல வருவது ஒன்றுதான். இந்தத் தீர்ப்பு பெரும்பாலான நேரம் பிழை. அந்தப் பிழையின் விலையைக் கட்டுவது கடைக்காரரும் இல்லை, கம்ப்யூட்டரும் இல்லை. கழற்றிப் பார்த்த பிள்ளைதான்.

பெயர் ஊர் இல்லாமல் ஒரு வீட்டுக் கதை சொல்கிறேன். வாப்பா இல்லாத வீடு. உயர் தரம் தொழில்நுட்பப் பிரிவு படிக்கும் மகன். வெளிநாட்டில் இருந்த மாமா விட்டுப்போன பழைய டெஸ்க்டொப் ஒன்று. பத்து நிமிடம் ஓடினால் நிற்கும். பொடியன் யூடியூப் பார்த்து கூலரைக் கழற்றி, காய்ந்துபோன பழைய பேஸ்டைத் துடைத்து, புதுப் பேஸ்ட் போட்டான். புரொசசரைத் தூக்கி வைக்கும்போது கையில் இருந்த பேஸ்ட் அடிப்பக்கத்திலும் சொக்கட்டுக்குள்ளும் பட்டுவிட்டது. பூட்டிப் போட்டால் திரை கறுப்பு. கடைக்குக் கொண்டு போனார்கள். மூடியைத் திறந்து பார்த்த கையோடு தீர்ப்பு வந்துவிட்டது. போட்டும் புரொசசரும் மாற்ற வேண்டுமாம். "தம்பி, இதுக்கு வேற வழியே இல்லையா?" என்று அந்த உம்மா கேட்டார். "இல்ல மாமி, இது செத்துட்டு" என்றார்களாம். உம்மா காதில் கிடந்ததைக் கழற்றினார். பொடியன் அதற்குப் பிறகு ஸ்குரூ டிரைவரைத் தொடவில்லை.

கழற்றிப்போட்ட அந்தச் "செத்த" போட்டை உறவுக்காரப் பொடியன் ஒருவன் கேட்டு வாங்கிப் போனான். ஸ்பிரிட்டும் மெல்லிய பிரஷும் ஒரு பின்னேரமும் செலவழித்தான். அது இன்றைக்கும் அவனுடைய வீட்டில் ஓடுகிறது.

இப்போது விசயத்துக்கு வருவோம். இந்தப் பேஸ்ட் என்ன சாமான்?

புரொசசரின் மேல் உள்ள உலோக மூடியும் கூலரின் அடித்தட்டும் கண்ணுக்குக் கண்ணாடி மாதிரித் தெரியும். உண்மையில் இரண்டிலும் கண்ணுக்குத் தெரியாத மேடு பள்ளம் இருக்கிறது. இரண்டையும் சேர்த்து வைத்தால் அந்தப் பள்ளங்களில் காற்று சிக்கும். காற்று சூடு கடத்துவதில் படு சோம்பேறி. அதன் வெப்பக் கடத்துதிறன் ஏறத்தாழ 0.026. அதே அலகில் சாதாரணமான நல்ல பேஸ்ட் ஏறத்தாழ 4 இலிருந்து 8 வரை. செம்பு ஏறத்தாழ 400. இந்த மூன்று இலக்கத்தையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். பேஸ்ட் காற்றை விட நூறு மடங்குக்கு மேல் நல்லது, ஆனால் செம்பை விட மிகவும் மோசம். அதனால்தான் பள்ளம் நிரம்பும் அளவுக்கு மட்டும் பேஸ்ட் போட வேண்டும். பாண் துண்டுக்கு பட்டர் பூசுவது போலப் பூசினால் கூடுதல் குளிர்ச்சி வராது. மிஞ்சியது பக்கத்தால் வழியும், அவ்வளவுதான்.

சரி, வழிந்தால் என்ன நடக்கும்? இங்கேதான் ஊர்க்கதையும் உண்மையும் பிரிகின்றன.

எங்கள் கடைகளில் விற்கும் சாதாரண வெள்ளை, சாம்பல் நிறப் பேஸ்ட்கள் பெரும்பாலும் சிலிக்கோன் எண்ணெயில் நாக ஒட்சைட்டு, அலுமினிய ஒட்சைட்டு போன்ற தூள்களைக் கலந்து செய்தவை. அவை சூட்டைக் கடத்தும், கரண்டைக் கடத்தாது. ஆர்க்டிக் எம்எக்ஸ்-4 போன்ற பெயர்பெற்ற பேஸ்டிலும் உலோகம் இல்லை. மின்னைக் கடத்தாது என்று தயாரிப்பாளரே சொல்லி விற்கிறார். கரண்டைக் கடத்தாத சாமான் பின்னில் பட்டால் எப்படி ஷோட் ஆகும்? தண்ணீர் வராத வாய்க்காலில் வெள்ளம் வந்தது என்று சொல்வது போன்ற கதை இது.

அப்படியானால் அந்தப் பொடியனின் திரை ஏன் கறுப்பானது? பேஸ்ட் நடுவில் நின்று தொடுகையைத் தடுத்தது. ஷோட் என்றால் சேரக்கூடாத இரண்டு கம்பி சேர்வது. இங்கே நடந்தது அதற்கு நேர் எதிரானது: சேர வேண்டிய இரண்டு சேரவில்லை. இன்டெல் 12ஆம் தலைமுறைக்கு வந்த எல்ஜிஏ 1700 சொக்கட்டில் 1700 தொடுகைப் புள்ளிகள் இருக்கின்றன. அதில் சிலதுக்கு மேல் அழுக்குப் படிந்தால் ரெம் ஒரு பக்கம் தெரியாமல் போகலாம், படம் வராமல் போகலாம், இடையில் நிற்கலாம். அழுக்கை எடுத்தால் தொடுகை திரும்பும். சேற்றில் கால் வைத்த பிள்ளையின் காலைக் கழுவுவோமா, வெட்டுவோமா?

எல்லாப் பேஸ்டும் ஒன்றல்ல என்பதையும் சொல்லியாக வேண்டும். வெள்ளித் தூள் கலந்த பேஸ்ட் இருக்கிறது. ஆர்க்டிக் சில்வர் 5 மாதிரியானவை நேரடியாகக் கரண்டைக் கடத்தாது என்றாலும், பின்களிலும் மின்பாதைகளிலும் படாமல் பார்த்துக்கொள்ளுங்கள் என்று தயாரிப்பாளரே எச்சரிக்கிறார். மூன்றாவது வகை திரவ உலோகம். கலியம் கலந்தது, பாதரசம் போல ஓடும். அது உண்மையாகவே கரண்டைக் கடத்தும், உண்மையாகவே ஷோட் ஆக்கும். அலுமினியத்தில் பட்டால் அலுமினியத்தையே அரித்து உதிர்த்துவிடும். 2020இல் வந்த பிளேஸ்டேஷன் 5 இன் உள்ளே சோனி இதைத்தான் பாவித்தது, வெளியே வழியாதபடி அடைப்புப் போட்டு. இது பிள்ளைகள் விளையாடும் சாமான் அல்ல. "ஒண்டும் ஆகாது மச்சான், ஊத்து" என்று சொல்லும் யூடியூப் வீரர்களுக்கும் இந்தப் பதிவில் இடமில்லை.

ஆகவே கேட்க வேண்டிய முதல் கேள்வி "பேஸ்ட் பட்டதா?" என்பதல்ல. "என்ன பேஸ்ட் பட்டது?" என்பதுதான். எங்கள் ஊரில் இந்தக் கேள்வியை யாராவது கேட்டு நீங்கள் கண்டிருக்கிறீர்களா?

பேஸ்ட் இடம் மாறிப் படுவது ஏதோ எங்கள் பொடியன்மாரின் கைத்தவறு மட்டும்தான் என்று நினைக்க வேண்டாம். 2022 செப்டம்பரில் ஏஎம்டி கம்பெனி ரைசன் 7000 புரொசசர்களை வெளியிட்டது. அதன் உலோக மூடியின் ஓரங்களில் வெட்டுகள் இருக்கும், அந்த வெட்டுகளுக்குள் சின்னச் சின்னக் கொண்டென்சர்கள் வெளியே தெரியும். பேஸ்ட் கொஞ்சம் மிஞ்சினாலும் நேரே அந்தப் பள்ளத்துக்குள் போய் இருக்கும். உலகம் முழுக்க இதே பிரச்சினை. கடைசியில் ஒஸ்திரியாவின் நொக்டுவா கம்பெனி அந்த வெட்டுகளை மூடிப் பிடிக்க ஒரு சின்னத் தட்டையே செய்து விற்றது. எதற்காக? துடைக்கிற வேலையைக் குறைக்கத்தான். உலகத்தில் வேறெங்கும் இது மரணச் செய்தி அல்ல, துப்புரவு வேலை. லெப்டொப்பில் இன்னும் மோசம். கம்பெனியில் பூட்டி வரும் லெப்டொப்பிலேயே பேஸ்ட் நாலாபக்கமும் வழிந்து கிடப்பதைக் கழற்றிப் பார்த்தவர்கள் அறிவார்கள்.

சூட்டால் புரொசசர் பொசுங்கிவிடும் என்ற பயமும் பழைய காலத்தது. 2001இல் டொம்ஸ் ஹார்ட்வெயார் என்ற தளம் ஒரு வீடியோ வெளியிட்டது. ஓடிக்கொண்டிருக்கும் கம்ப்யூட்டரின் கூலரைக் கழற்றினார்கள். அன்றைய ஏஎம்டி அத்லோன் புகைந்து செத்தது. இன்டெல் பென்டியம் 4 வேகத்தைக் குறைத்துக்கொண்டு உயிரோடு இருந்தது. இன்று நாங்கள் பாவிக்கும் புரொசசர்களில் இந்தத் தற்காப்பு பொதுவாக உள்ளேயே இருக்கிறது. 100 பாகை செல்சியஸ் பக்கம் போனால் தானே மெதுவாகும், மிஞ்சினால் தானே நிற்கும். பேஸ்ட் சரியாகப் படாவிட்டால் கம்ப்யூட்டர் நிற்பது அது தன்னைக் காப்பாற்றிக்கொள்வதற்காகத்தான். அதைச் செத்துப்போனது என்று விளங்கிக்கொள்வது எங்கள் பிழை.

இனி கடைக்காரத் தம்பிமாருக்கு.

உங்களை நான் கள்ளன் என்று சொல்ல வரவில்லை. வாடகை கட்டி, கரண்ட் பில் கட்டி, இரவு பத்து மணிக்கும் திறந்திருக்கிற உங்கள் பாடு எனக்குத் தெரியும். ஆனால் பிரஷால் ஒரு தடவை துடைத்துப் பார்க்காமல் "செத்துட்டு" என்று சொல்வது அமானிதத்துக்குச் செய்யும் நியாயம் அல்ல. ஒருவர் தன் சாமானை உங்கள் கையில் விட்டுப் போகிறார். அவருக்குப் பின் எது, பேஸ்ட் எது என்று தெரியாது. தெரியாதவரிடம் தெரிந்தவர் சொல்லும் சொல்லுக்குப் பாரம் அதிகம்.

அடுத்தது வாடிக்கையாளர்களாகிய எங்களுக்கு. கோபம் வந்தாலும் கேளுங்கள். இந்தப் பொய்த் தீர்ப்பை வளர்த்தது நாங்கள்தான்.

ஒரு தம்பி இரண்டு மணித்தியாலம் குனிந்திருந்து, டோர்ச் அடித்து, ஒவ்வொரு பின்னாகத் துப்புரவாக்கி, கம்ப்யூட்டரைத் திரும்ப ஓட வைக்கிறான் என்று வையுங்கள். ஆயிரத்தைந்நூறு ரூபா கேட்டால் என்ன சொல்வோம்? "சாமான் ஒண்டும் போடல்லியே, கழுவினதுக்குக் காசா?" இதே ஆள் புதுப் போட் போட்டு அதன் பத்து மடங்கு கேட்டால், "சாமான் விலை, என்ன செய்யிற" என்று எண்ணிக் கொடுப்போம். பெட்டியில் வந்த பொருளுக்கு விலை கொடுக்கத் தெரிந்த எங்களுக்குக் கைக்கும் மூளைக்கும் விலை கொடுக்கத் தெரியாது. கழுவினால் ஏச்சும், மாற்றினால் காசும் கிடைக்கும் ஊரில் எந்தக் கடைக்காரன் கழுவுவான்?

வயலுக்கு வைத்தியர் போல வந்து நெல்லைப் பார்த்துவிட்டு "இதுக்கு மருந்து வேணாம், தண்ணிய வெட்டி விடுங்க" என்று சொன்னவருக்கு நாங்கள் கூலி கொடுப்பதில்லை. ஐந்து போத்தல் மருந்து விற்றவருக்குக் கொடுக்கிறோம். வயலும் கெடுகிறது, கையும் கடிக்கிறது. கம்ப்யூட்டர் கடையிலும் அதே புத்திதான் வேலை செய்கிறது.

2022ஐ மறந்துவிட்டோமா? டொலர் 200 ரூபாவில் இருந்து சில மாதங்களில் 360 ரூபா பக்கம் போனது. இறக்குமதிக்குக் கட்டுப்பாடு வந்தது. பழைய போட் ஒன்று கிடைப்பதே பெரும்பாடாக இருந்தது. அந்த நேரம் திருத்தத் தெரிந்தவன் ராசா. நெருக்கடி தணிந்ததும் பழையபடி "மாத்திடுங்க" என்கிறோம். படித்த பாடத்தை இவ்வளவு கெதியாக மறக்கும் ஊர் இன்னொரு நெருக்கடியை எப்படித் தாங்கும்?

அடுத்து, பிள்ளைகள். இந்தப் பதிவை எழுத வைத்ததே இதுதான்.

எங்கள் ஊர்ப் பொடியன்மார் லேண்ட் மாஸ்டரைக் கழற்றிப் பூட்டுவார்கள். வாட்டர் பம்ப்பை வட்டைக்குள்ளேயே பிரித்து வாசர் மாற்றுவார்கள். மோட்டார் சைக்கிள் காபரேட்டரைக் கழுவுவார்கள். கிறீஸ் முழங்கை வரைக்கும் இருக்கும். படக்கூடாத இடத்தில் கிறீஸ் பட்டால் மண்ணெண்ணெயால் துடைத்துவிட்டு அடுத்த வேலையைப் பார்ப்பார்கள். எந்த வாப்பாவும் அதற்கு ஒப்பாரி வைத்ததில்லை. "என்ட மகன் மெஷினுக்குள்ள பூந்துடுவான்" என்று பெருமைதான் பேசுவோம்.

அதே பொடியன் கம்ப்யூட்டரைத் திறந்தால் மட்டும் ஏன் அது குற்றமாகிறது? கிறீஸுக்கு உள்ள மன்னிப்பு பேஸ்டுக்கு ஏன் இல்லை? கம்ப்யூட்டர் என்பது வெள்ளைச் சட்டை போட்டவர்களின் சாமான், எங்களுடையது அல்ல என்ற எண்ணம் அடிமனதில் கிடக்கிறது. எங்கள் கை படக்கூடாத சாமானை வீட்டில் வைத்துக்கொண்டு, எங்கள் பிள்ளை பொறியியலாளர் ஆக வேண்டும் என்று ஆசைப்படுகிறோம்.

போதாததற்குக் கேலி வேறு. சொக்கட்டில் பேஸ்ட் அப்பிய படத்தை எடுத்து வாட்ஸ்அப் குழுமத்தில் போட்டு, "இஞ்சினியர் செஞ்ச வேலையப் பாருங்க" என்று நாற்பது சிரிப்பு முகம். அதைப் பார்க்கிற மற்றப் பிள்ளை என்ன படிக்கும்? கழற்றாமல் இருப்பதே புத்தி என்று படிக்கும்.

இந்தச் சிரிப்பு எங்களிடம் மட்டும் இல்லை. 2018 செப்டம்பரில் அமெரிக்காவின் த வேர்ஜ் என்ற பெரிய தொழில்நுட்பத் தளம், 2000 டொலருக்கு ஒரு கம்ப்யூட்டரை நீங்களே பூட்டுவது எப்படி என்று வீடியோ போட்டது. அதில் பல பிழைகள். தேவைக்கு மிஞ்சிப் பேஸ்ட் போட்டதும் அதில் ஒன்று. உலகம் முழுக்கச் சிரித்தது. தளம் வீடியோவைத் தூக்கிவிட்டது. 2019 பெப்ரவரியில், அதைக் கிண்டல் செய்து விமர்சித்த இரண்டு யூடியூபர்களின் வீடியோக்கள் மீது அந்தத் தரப்பிலிருந்து பதிப்புரிமை முறைப்பாடு போனது. எதிர்ப்புக் கிளம்பியதும் அந்த முறைப்பாடுகள் மீளப் பெறப்பட்டன. பெயர்போன நிறுவனத்துக்கே பேஸ்ட் கை மீறும். "இதுதான் பிழை, இப்படித்தான் சரி செய்ய வேண்டும்" என்று அதே இடத்தில் ஒரு திருத்த வீடியோ போட்டிருந்தால் அன்றோடு முடிந்திருக்கும். பார்த்தவர்கள் சிரித்தார்கள், செய்தவர்கள் மறைத்தார்கள். நடுவில் படிக்க வந்தவனுக்கு ஒன்றும் கிடைக்கவில்லை. எங்கள் வாட்ஸ்அப் குழுமத்தில் நடப்பதும் இதுதான்.

இனி பாடசாலைகளுக்கு. என் சொந்தத் தொழிலைப் பற்றித்தான் பேசுகிறேன்.

உயர் தரத்தில் தொழில்நுட்பப் பிரிவு 2013இல் தொடங்கியது. சாதாரண தரத்தில் ஐ.சி.டி. ஒரு பாடம். புரொசசரின் பாகங்களைப் பிள்ளைகள் படமாக வரைகிறார்கள், பெயர் குறிக்கிறார்கள், புள்ளி எடுக்கிறார்கள். கையில் ஒரு புரொசசரைப் பிடித்துப் பார்த்த பிள்ளை எத்தனை? ஆய்வுகூடக் கதவில் பூட்டு. உள்ளே பாதி மெஷின்களில் "பழுது" என்று ஒட்டிய கடதாசி. அந்தக் கடதாசியை எழுதியதோடு எங்கள் கடமை முடிந்துவிடுகிறது.

"அரச சொத்து, சேர். கழற்றி ஏதாவது ஆனால் கணக்காய்வுக்கு யார் பதில் சொல்வது?" என்று கேட்பார்கள். நியாயமான கேள்வி. பொருட்பதிவேட்டில் இருக்கும் மெஷினைத் தொட வேண்டாம். ஆனால் ஊரில் எத்தனை வீட்டில் செத்த கம்ப்யூட்டர் அலுமாரிக்கு மேல் தூசு பிடித்துக் கிடக்கிறது? அதில் ஐந்தை வாங்கி ஒரு மேசையில் வையுங்கள். அது யாருடைய பதிவேட்டிலும் இல்லை. பிள்ளை அதில் பேஸ்டைப் பின்னுக்கு மேல் கொட்டட்டும். கொட்டின பிறகு எப்படி எடுப்பது என்று அதே பிள்ளை படிக்கட்டும். கெட்டுப்போக ஒன்றும் இல்லாத மெஷினில் செய்த பிழைதான் உலகத்திலேயே மலிவான பாடம்.

பெண் பிள்ளைகளைப் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும். ஆண் பிள்ளை கடையில் போய் நின்று பார்த்துப் பார்த்தாவது பழகுவான். எங்கள் பெண் பிள்ளைகள் ரிப்பேர் கடை மேசைக்குப் பக்கத்தில் நிற்பதை ஊர் விரும்பாது. அது சரியா பிழையா என்ற விவாதத்துக்குள் நான் போகவில்லை. அப்படியான ஊரில், தன் மெஷினைத் தானே திறந்து சரிபார்க்கும் அறிவு பெண் பிள்ளைக்குத்தான் அதிகம் தேவை என்கிறேன். சம்மாந்துறையில் தென்கிழக்குப் பல்கலைக்கழகத்தின் பிரயோக விஞ்ஞான பீடம் இருக்கிறது, ஒலுவிலில் பொறியியல் பீடம் இருக்கிறது. கூப்பிடு தூரம். அங்கே போகும் எங்கள் பிள்ளை முதல் நாளே கை நடுங்காமல் ஒரு மெஷினைத் திறக்க வேண்டாமா?

"செத்துட்டு" என்று நாங்கள் எறிகிற போட் எங்கே போகிறது என்றும் கேளுங்கள். 2022இல் உலகம் எறிந்த மின்கழிவு 62 மில்லியன் தொன். அதில் முறையாகச் சேகரித்து மீள்சுழற்சி செய்தது 22.3 வீதம் மட்டும் என்று ஐ.நா. அமைப்புகள் 2024இல் வெளியிட்ட அறிக்கை சொல்கிறது. எங்கள் மாவட்டத்தின் பங்கைப் பார்க்கத் தூரம் போகத் தேவையில்லை. பள்ளக்காட்டுக் குப்பை மேட்டில் யானைகள் பிளாஸ்டிக் தின்று சாவதை 2022இல் உலகச் செய்தி நிறுவனங்களே படம் பிடித்துப் போட்டன. பழைய போட்களின் ஈயப் பற்றாசும் அப்படியான குப்பையோடுதான் கலக்கிறது. கழுவினால் ஓடும் மெஷினைக் குப்பையில் போடுவது காசுக்கும் நட்டம், மண்ணுக்கும் நட்டம்.

பேச்சு போதும். பேஸ்ட் இடம் மாறிப் பட்டால் என்ன செய்வது? சாதாரணப் பேஸ்டுக்கு மட்டும் சொல்கிறேன். திரவ உலோகம் என்றால் மெஷினைப் போடாமல் தெரிந்தவரிடம் கொண்டு போங்கள்.

1. பிளக்கைக் கழற்றுங்கள். பிறகு பவர் பட்டனைச் சில வினாடி அழுத்தி மிச்சக் கரண்டை வெளியேற்றுங்கள். கேஸின் உலோகத்தைத் தொட்டுவிட்டு வேலையைத் தொடங்குங்கள்.

2. கூலர் ஒட்டிக்கொண்டால் இழுக்க வேண்டாம். இடமும் வலமுமாக மெதுவாகத் திருப்பி எடுங்கள். ஏஎம்டியின் ஏஎம்4 வகையில் 1331 பின்களும் புரொசசரின் அடியில்தான் இருக்கும். காய்ந்த பேஸ்டோடு இழுத்தால் பூட்டிய சொக்கட்டில் இருந்தே புரொசசர் பிடுங்கிக்கொண்டு வரும். அதில்தான் பின் வளைகிறது.

3. புரொசசரை ஓரத்தில் பிடியுங்கள். இன்டெல் வகையில் அடிப்பக்கம் தட்டையாக இருக்கும். மூக்குக் கண்ணாடி துடைக்கும் துணி போன்ற நூல் உதிராத துணியில் ஐசோபுரோப்பைல் அல்கஹோல் நனைத்துத் துடைத்தால் போகும். 90 வீதத்துக்கு மேல் உள்ளதாகப் பாருங்கள். பெயரில் அல்கஹோல் இருக்கிறதே என்று யோசிக்க வேண்டாம். கொரோனா காலத்தில் கையில் பூசினோமே, அந்த இனம். குடித்தால் நஞ்சு. நெருப்புப் பக்கம் கொண்டு போகாதீர்கள். கை கழுவும் சனிட்டைசரைப் பாவிக்க வேண்டாம், அதில் கிளிசரின் இருக்கும். நகப்பூச்சு அழிக்கும் திரவமும் வேண்டாம், அது பிளாஸ்டிக்கைத் தின்னும்.

4. சொக்கட்டின் பின்களைத் துணியாலோ பஞ்சாலோ தேய்க்கவே கூடாது. நூல் மாட்டி இழுத்தால் பின் வளையும். அதே அல்கஹோலில் நனைத்த மிக மெல்லிய பிரஷால், பின் சாய்ந்திருக்கும் பக்கமாக, அழுத்தாமல் வருடுங்கள். பொறுமை இல்லாத நாளில் இதைச் செய்யாதீர்கள்.

5. போன் கமெராவைப் பெரிதாக்கி, பக்கவாட்டில் டோர்ச் அடித்துப் பாருங்கள். எல்லாப் பின்னும் ஒரே வரிசையில், நாற்று நட்ட வயல் மாதிரி மினுங்க வேண்டும். ஒன்று மட்டும் வேறு பக்கம் பார்த்தால் அதுதான் வளைந்த பின். பேஸ்டை விடப் பெரிய எதிரி அதுதான். அதைத் தெரிந்த கையிடம் கொடுங்கள்.

6. நன்றாகக் காயவிடுங்கள். அவசரம் வேண்டாம். பிறகு புதுப் பேஸ்ட். அளவு ஒரு நெல்மணியில் இருந்து ஒரு பயறு மணி வரைக்கும். நடுவில் வைத்தால் போதும், கூலரின் அழுத்தம் மற்றதைப் பரத்தும்.

இவ்வளவும் செய்து ஓடாவிட்டால் கடைக்குப் போங்கள். போகும்போது மூன்று கேள்வியைக் கொண்டு போங்கள். "என்ன பேஸ்ட் பட்டது?" "துடைத்துப் போட்டுப் பார்த்தீங்களா?" "எந்தப் பின் வளைந்திருக்கு, காட்டுங்க?" மூன்றுக்கும் பதில் தருகிற கடைக்காரருக்குப் பார்த்த கூலியை முகம் சுளிக்காமல் கொடுங்கள். சாமான் மாற்றினால் பழைய சாமானைத் திருப்பிக் கேளுங்கள், அது உங்களுடையது. ஏமாற்றப்பட்டீர்கள் என்றால் 2003ஆம் ஆண்டின் 9ஆம் இலக்க நுகர்வோர் அலுவல்கள் அதிகாரசபைச் சட்டம் இருக்கிறது, 1977 என்ற இலக்கமும் இருக்கிறது.

கடைசியாகச் சில வேண்டுகோள்.

கடைக்காரத் தம்பிமாரே, "பரிசோதனைக் கூலி, துப்புரவுக் கூலி" என்று ஒரு பலகை எழுதித் தொங்கவிடுங்கள். ஏசுகிறவர்களிடம் இந்தப் பதிவைக் காட்டுங்கள்.

கட்டாரிலும் சவூதியிலும் இருக்கும் உறவுகளே, பாடசாலைக்குப் புது லெப்டொப் அனுப்ப நினைக்கும் உங்கள் நல்ல மனதுக்கு நன்றி. அதோடு ஊரில் உங்கள் வீட்டு அலுமாரிக்கு மேல் கிடக்கும் செத்த மெஷினைத் தூக்கிக் கொடுக்கச் சொல்லுங்கள். நான்கு ஸ்குரூ டிரைவர், இரண்டு பிரஷ், ஒரு போத்தல் அல்கஹோல் வாங்கிக் கொடுங்கள். புது லெப்டொப் ஒரு பிள்ளைக்குப் போகும். இந்த மேசை ஒரு வகுப்புக்குப் போகும்.

வாப்பாமாரே, உம்மாமாரே, உங்கள் பிள்ளை கம்ப்யூட்டரைத் திறந்து பேஸ்டை இடம் மாற்றிப் பூசிவிட்டு முகம் வெளிறி நின்றால் முதலில் கையை ஓங்காதீர்கள். "என்ன பேஸ்ட் மகன்?" என்று கேளுங்கள். அவனுக்குத் தெரியாவிட்டால், இரண்டு பேருமாகப் பெட்டியை எடுத்து வாசியுங்கள்.

பழைய மெஷின் தர விரும்புகிறவர்கள் கீழே "இருக்கு" என்று மட்டும் எழுதுங்கள். மாணவர்களை அனுப்பி எடுப்பிக்கிறேன், இன்ஷா அல்லாஹ்.